மத்தியான மாத்திரை

சபாபதி மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேஜை முழுக்க மாத்திரை அட்டைகள்.

லூயிஸுக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆலோசனை அறை திறந்ததிலிருந்து உள்ளே வந்த முதல் நிஜமான நோயாளி இவர்தான். இதற்கு முன் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள்.

அறை என்பதே முதலாளி ராஜமாணிக்கத்தின் வார்த்தை. போன மாதம் வரை அது மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கும் இடுக்கு. சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போனவர், மருந்தாளுநர் என்பவர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள் அல்ல, சிகிச்சையின் தூண் என்று யாரோ பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். மறுவாரமே பிளைவுட் தடுப்பு வந்தது. ரிப்பன் வந்தது. சிதம்பரம் கீழவீதி முனையில் ஃபிளெக்ஸ் வந்தது. அதில் முதலாளி ஆளுயரம். தூண் தபால்தலை அளவு.

அந்தத் தூண்தான் லூயிஸ். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறது. சாயங்காலம் நின்றுகொண்டே திரும்பிப் போய், தன் வீட்டுப் பூட்டைத் தானே திறந்துகொள்கிறது.

லூயிஸ் அட்டைகளைப் பிரித்தார். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, எல்லாம் சரி. முட்டிவலிக்கு ஒரு டாக்டர் காலை வேளைக்கு ஒன்று எழுதியிருந்தார். முதுகுவலிக்கு இன்னொரு டாக்டர் மத்தியானத்துக்கு ஒன்று. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே மருந்து ஒன்றேதான். இரண்டும் சேர்ந்து சத்தமில்லாமல் கிட்னியைக் கவனித்துவிடும்.

இரண்டாவது டாக்டருக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். "ஆமாங்க, நிறுத்திடுங்க" என்று டாக்டர் வைத்துவிட்டார்.

லூயிஸ் மத்தியான அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மாத்திரையை விற்காமல் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. வெள்ளைக் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்தது முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆலோசனை முடிந்ததும் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போக வேண்டும். சபாபதிக்கு வீட்டார் என்றால் ஒரே மகள், மஸ்கட்டில் இருக்கும் இளமதி. லூயிஸ் தட்டச்சு செய்து, வாசித்தும் காட்டினார்.

"உங்கள் தந்தையின் மத்தியான மாத்திரை நிறுத்தப்பட்டது. இனி தேவையில்லை."

பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

சபாபதியின் கை நீண்டு வந்து போனை மூடிக்கொண்டது. பெண்ணாடம் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் காலமெல்லாம் கரும்பு வண்டிகளை நிறுத்தி அனுப்பிய கை.

"அத அனுப்பாதீங்க தம்பி."

"நல்ல சேதிதானே ஐயா. கிட்னி தப்பிச்சுது."

"தப்பிச்சுது, சரி. மாத்திரை போட்டியாப்பான்னு கேக்கத்தான் அவ மத்தியானம் போன் பண்றா. நீங்க நிறுத்திட்டா அவ என்னான்னு கேட்டு பண்ணுவா?"

"சும்மா பேசச் சொல்லுங்களேன்."

"சும்மா என்னாத்தப் பேசறது? இருந்த வரைக்கும் போன் வந்தா அவங்க அம்மாதான் எடுத்துப் பேசுவா. எங்க ரெண்டு பேருக்கும் பேசத் தெரிஞ்சதே இந்த ஒரு மாத்திரதான்."

"போட்டாச்சும்மான்னு சொல்லிட்டுப் போங்க."

"நான் தண்ணி குடிச்சி முழுங்கற சத்தம் கேக்கற வரைக்கும் வைக்க மாட்டா தம்பி. வெறும் வாயில என்னாத்த முழுங்கறது?"



லூயிஸ் செய்தியை அழித்தார். கடைக்குள் போய், கிட்னிக்கு ஒரு கெடுதலும் செய்யாத சத்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துவந்து, கத்தரியால் வெட்டிக் காகிதக் கவரில் போட்டார். எழுத்துப் படிக்காதவர்களுக்காகக் கவரின் மேல் படம் போடுவது கடை வழக்கம். காலைக்குப் பாதிச் சூரியன், மத்தியானத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்கு நிலா. சபாபதி நன்றாகப் படித்தவர்தான். இருந்தாலும் லூயிஸ் ஒரு முழுச் சூரியன் வரைந்தார். வழக்கத்துக்கு மேல் இரண்டு கதிர் கூடுதலாக விழுந்தது.

பிறகு புதிதாகத் தட்டி அனுப்பினார். "மத்தியான மாத்திரை மாற்றப்பட்டுள்ளது. தவறாமல் போடுகிறாரா என்று தினமும் கேட்கவும்."

சபாபதி பையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். பிளைவுட் கதவருகே நின்றார்.

"உங்களுக்கு மத்தியானம் எதுனா உண்டா தம்பி?"

"எனக்கு ஒரு நோவும் கெடையாதுங்க ஐயா."

 எடைமேடையில் காலி வண்டி ஏறி நிற்பதைப் பார்க்கிற மாதிரி சபாபதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் போய்விட்டார்.

லூயிஸ் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். மேஜையில் போன் மல்லாந்து கிடந்தது. முதலாளியை விட்டால் அதில் அவரைக் கூப்பிடுவது, லோன் வேணுமா சார் என்று கேட்கிற ஒரு பெண் மட்டும்தான்.

கத்தரியை எடுத்தார். மீதி அட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் வெட்டி, வேறொரு கவரில் போட்டு, அதன் மேலும் ஒரு சூரியன் வரைந்தார்.

ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். போனைப் பக்கத்தில் இழுத்து வைத்து, சத்தம் கேட்கும்படி தண்ணீர் குடித்தார்.