துரை அனுப்பிய தோடம்பழம்

"இதையும் துரைதான் தந்துவிட்டவர்," என்று கந்தோர்க் கிளாக்கர் நவரத்தினம் தோடம்பழக் கூடையை வஸீரின் குடிசை வாசலில் இறக்கிவைத்தார். "மனிசிக்குச் சாறு பிழிஞ்சு குடும். இண்டைக்குக் காய்ச்சல் எப்பிடி?"

"அப்பிடியேதான் கிடக்கு, ஐயா," என்றான் வஸீர். உள்ளே அவன் மனைவி ஹமீதா பாயில் சுருண்டு கிடந்தாள். வஸீர் சங்கு குளிக்கிறவன். அவளுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து, ஆழத்துக்கு இறங்கினால் காது அடைக்குமே, அப்படி அவனுக்கு எல்லாம் அடைத்துப்போய்க் கிடந்தது. பேசுகிறவர்களெல்லாம் எங்கோ மேலே தோணியில் இருந்து பேசினார்கள்.

காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வந்தது. ஆஸ்பத்திரி அப்பொதிக்கரி வந்தார். கந்தோரின் வெள்ளைக்காரத் துரையே ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் குனிந்து வந்து, "பாவம், பாவம்" என்று தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் சொல்லிவிட்டுப் போனார். மன்னாரில் ஒரு துரை குனிந்ததைச் சனம் அன்றைக்குத்தான் கண்டது.

அவருக்கு உலகத்தில் இரண்டே கவலைகள் என்று ஊர் பேசிக்கொண்டது: ஒன்று ஹமீதாவின் காய்ச்சல், மற்றது சங்கு குளிக்கிறவர்களைச் சேர்த்து அவர் அமைத்த ஹொக்கி அணி. கொழும்பிலிருந்து ஓர் அணி புகைவண்டியில் வரவிருந்தது. அதைப் பார்க்கத் தேசாதிபதியின் ஆள் ஒருவரும் கூட வருகிறாராம்.

முதலில் துரை சீமையில் அச்சடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்துத்தான் பழக்கினார். ஊர் மைதானமான வெட்டையில் கைத்தடியால் முக்கோணம் முக்கோணமாகக் கீறி, குளியாட்களை மூலைக்கொருவராக நிறுத்தினார். முக்கோணத்துக்குள் நின்றவர்கள் முதல் ஆட்டத்திலேயே ஒன்பது கோல் வாங்கினார்கள்.

"எங்கடை கடலிலை முக்கோணம் இல்லையே, துரை," என்றான் சந்தியோகு. கலியாணம் கட்டாதவன், வாய்க்குப் பூட்டும் இல்லை.

ஆட்களை மாற்ற ஊரில் வேறு ஆட்கள் இல்லை. ஆகவே துரை புத்தகத்தை மூடிவிட்டு, தோணியில் யார் யாரோடு போகிறார்கள் என்று விசாரித்தார். குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் விதவையாகக் கூடாதே என்று அவன்தான் கண் இமைக்காமல் பிடிப்பான்; மற்றவன் கையை நம்பி ஒருவரும் இறங்குவதில்லை. அந்த உறவு அறுந்தால் கயிறும் கைமாறும்.

அந்தச் சோடிகளைத் துரை அப்படியே வெட்டையில் இறக்கினார். குளிக்கிறவன் முன்னுக்கு ஓடினான், கயிறு பிடிக்கிறவன் பின்னுக்கு நின்று காத்தான். ஐந்து சோடி, பத்துப் பேர். சோடியில்லாத சந்தியோகு கோலுக்குள். மச்சான் பின்னால் நிற்கிறான் என்றால் முன்னால் போகிறவன் திரும்பிப் பார்ப்பதேயில்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. புதுமுறை தன் மூளையில் உதித்ததென்று துரை கொழும்புக்கு எழுதியும்விட்டார்.

வஸீருக்குப் பின்னால் நின்றவன் ஹமீதாவின் தமையன் சனூன். சனூனைத் தாண்டி ஒரு பந்து போனதாகச் சரித்திரமில்லை. வஸீரோ தன் மட்டையில் தானே தடக்கி விழுகிறவன். தன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கே விளங்கியதில்லை.

"ஐயா, ஆட்டத்துக்கு என்ரை இடத்திலை வேறை ஆரையும் போடுங்கோ," என்றான் இப்போது. "இவளை விட்டிட்டு வரேலாது."

"ஆட்டத்தைப் பற்றி இப்ப ஆர் ஐசே கதைச்சது?" கிளாக்கருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "மட்டையைத் தூக்கி எறியும்! எங்களுக்கு ஹமீதா பிழைக்கவேணும். துரை இரவிலை நித்திரை கொள்ளுறேல்லை, தெரியுமோ?"

அவர் போனபின், தங்கையைப் பார்க்க வந்திருந்த சனூன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியா மச்சான், என்ன மாதிரி மனிசர்! எங்கடை சொந்தங்களும் வந்துதுகள்தானே, தோடம்பழத்தை எண்ணிப்போட்டுப் போச்சுதுகள்."

வஸீர் தலையாட்டினான். பழத்தை உரித்தான். சாறு கையில் வழிந்ததை உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் கண்டான்.

ஆட்டத்துக்கு முதல்நாள், மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னம், ஹமீதா மௌத்தானாள். கூடையில் பாதிப் பழம் மிச்சமிருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அடக்கினார்கள். வஸீரின் கை மூன்று பிடி மண் அள்ளிப் போட்டது; அதை அவன் பக்கத்தில் நின்றவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. குழிக்கு அந்தப் பக்கம் சனூன்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதான்.

மதிலுக்கு வெளியே துரை வெறுந்தலையோடு வெயிலில் நின்றார். கிளாக்கர் அவரிடம் போய், அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து உள்ளே வந்தார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வஸீரின் தோளில் கைவைத்தவர் அதை எடுத்து, திரும்பவும் வைத்தார். நாளைக்கு விளையாட வரச்சொல்லத்தான் தயங்குகிறார் என்று வஸீருக்குப் பட்டது. இவ்வளவு செய்தவர்களுக்கு அதையாவது செய்யலாம். வெறும் வீட்டில் இருப்பதும் வெட்டையில் நிற்பதும் அவனுக்கு இனி ஒன்றுதான்.

"நாளைக்கு நான் வாறன், ஐயா," என்றான்.

"நீர் வருவீர், அது எனக்குத் தெரியும்." கிளாக்கர் புதுமண்ணைப் பார்த்தார். பிறகு தேம்பிக்கொண்டு நின்ற சனூனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"சனூனுக்கு இன்னொரு தங்கச்சி இருக்கோ?"