பின்னாலேயே வந்த பேருந்து

ஒரு பெரிய நகரத்தில் ஒரே தடத்தில் ஒரு பச்சைப் பேருந்தும் ஒரு நீலப் பேருந்தும் ஓடின. பத்து நிமிட இடைவெளியில் கிளம்பினாலும், மூன்றாவது நிறுத்தத்துக்குள் நீலம் பச்சையை எட்டிப் பிடித்துவிடும். ஆனால் முந்தாது. காத்திருக்கும் கூட்டம் முதலில் வருகிற வண்டியில்தானே ஏறும்? படிக்கட்டில் ஆட்கள் தொங்கப் பச்சை முக்கிக்கொண்டு போகும். நீலம் காலி இருக்கைகளோடு காற்று வாங்கியபடி பின்னால் வரும்.

“தம்பி, இன்னிக்கு ஒரு தடவை முன்னாடி போயேன். இந்தப் பாலம் ஏறுறதுக்குள்ள உயிர் போகுது” என்றது பச்சை.

“நீங்க சீனியர்ண்ணே. உங்களை முந்தினா மரியாதையா இருக்குமா?” என்றது நீலம்.

பாலத்தின் பாதியில் பச்சை ஆவி கக்கி நின்றுவிட்டது. அதன் நடத்துநர் குதித்து இறங்கி, வழக்கப்படி பின்னால் வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தினார்.

“காலியாத்தான் வருது! டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்கிட்டு எல்லாரும் அதுல ஏறுங்க!”

எண்பது பேர், இரண்டு மீன் கூடைகளோடு, நீலத்தில் ஏறினார்கள். அதன் படிக்கட்டு தரையை உரசியது.

“அண்ணே, பெரிய கோளாறா?” என்று முனகியது நீலம்.

“சேச்சே, பெல்ட்டுதான் அறுந்துபோச்சு. பத்து நிமிஷத்துல மாட்டிடுவாங்க” என்றது பச்சை. “நீ முன்னாடி போ தம்பி. நான் எட்டிப் பிடிச்சிடுறேன். ஆனா முந்த மாட்டேன்.”