கணிப்புக்குத் தப்பிய கொல்லை

ஒரு மனுஷி வீடு தேடி வந்து “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பதற்கு வேளாண் துறை போட்டிருந்த விலை நானூற்று இருபது ரூபாய். கணக்கெடுப்புக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் விவசாயிக்கு அந்தச் செலவு வீண். போனில் இயந்திரமே கேட்டுக்கொள்ளும். பதில் சொல்லமாட்டார் என்று கணிக்கப்பட்டவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் போடும் சிங்காரவேலு, மனைவி போன பிறகு, அந்தப் போனை எடுப்பதே இல்லை. அதனால் போகம் தவறாமல் கணக்கெடுக்க அம்சவேணி வந்துவிடுவாள்.

இந்த முறை, அவர் காலையிலேயே துடைத்துப் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

“இனிமே வரமாட்டேண்ணே. போன தடவையே சொன்னேன்ல, உங்க பதிலையும் மிஷினே கணிச்சுச் சொல்லிடுது. இன்னிக்கு அதைச் சரிபார்க்கத்தான் வந்தேன். முப்பது பதிலும் சரியா இருந்தா என்னை அனுப்பமாட்டாங்க.”

“ஒண்ணு தப்பினா?”

“நான் வந்தாகணும்.”

“படி தாயி, பாப்போம்.”

நிலம், கிணறு, ஆடு, கடன், எல்லாம் சரியாகவே இருந்தன. “கடைசி. பயிர், சின்ன வெங்காயம்.”

“பின்னால எட்டிப் பாரு.”

வீட்டுக்குப் பின்னால், எப்போதும் வெங்காயம் போடும் கொல்லை முழுக்கக் கனகாம்பரம் பூத்திருந்தது.

“வெங்காயத்துல வர்ற காசு இதுல வருமாண்ணே?”

“வராதுதான்.”

அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சரி இருபத்தொன்பது, தவறு ஒன்று. அடுத்த போகத்துக்கு ஒரு வருகை பாக்கி.