இடது பின் டயர்

சரவணக்குமார் மங்கலத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டுபவன். டயரெல்லாம் மொட்டையாகிவிட்டது என்று முதலாளி கிட்டுசாமியிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தான். “இந்த ஆர்டர் போகட்டும் கண்ணு, பாக்கலாம்” என்பார் அவர்.

ஆர்டர் போவதற்குள் இடது பின் டயர் வெடித்து வேன் கவிழ்ந்தது. அந்தச் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டில் இருந்த டெய்லர் அன்புசெல்வி இறந்துபோனாள். ஓட்டியவன் மேல்தான் தப்பு என்று கிட்டுசாமி எல்லோரிடமும் சொன்னார்.

அதன் பிறகுதான் புது டயர்கள் வந்தன. இடது பின் டயர் மட்டும் ஒரே மாதத்தில் தேய்ந்தது. மாற்றினார்கள், அதுவும் தேய்ந்தது.

“டயர்ல குறையில்லீங்க. அந்தப் பக்கம் லோடு ஜாஸ்தி” என்றார் பஞ்சர் கடைக்காரர். அந்தச் சீட்டில் இப்போது யாருமே உட்காருவதில்லை.

நேற்றுக் காலை, காலி வேனோடு மங்கலம் போகும்போது அந்த இடது பின் டயர் பஞ்சரானது. எவ்வளவு அழுத்தியும் ஜாக்கி வண்டியைத் தூக்கவில்லை. வியர்வையைத் துடைத்தபடி சரவணக்குமார் அந்தக் காலி சீட்டின் ஜன்னலைப் பார்த்தான்.

“அக்கா, கொஞ்சம் எறங்கிக்கோங்க. டயர் மாத்தோணும்.”

வண்டி எழுந்தது.

டயரை மாற்றி ஜாக்கியையும் எடுத்துவிட்டு, “இப்பிடியே ஊட்டுக்குப் போயிருங்க அக்கா. இன்னும் எதுக்கு வேலைக்கு வாறீங்க?” என்றான்.

வேனின் இடது பக்கம் மெல்லத் தாழ்ந்தது.