பெட்டிக்கு வளைகாப்பு

இசக்கியப்பன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய பிராசஸர். விளக்கு, அடுப்பு, ஏழு மாதமாகப் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்த கண்ணாடிப் பெட்டி எல்லாமே அதில்தான் ஓடின. மறுநாள் அந்தப் பெட்டிக்கு வளைகாப்பு. மனைவி ஆவுடை வளையல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

அன்று மதியம் கார் பந்தய வீடியோ விளையாட்டின் இறுதிச் சுற்று. படம் திக்கித் திக்கி வரவே, அவன் பிராசஸரின் வேகத்தைக் கண்மண் தெரியாமல் ஏற்றிவிட்டான். பெட்டியின் இணைப்பைக் கழற்றாமல் வேகத்தைக் கூட்டக் கூடாது என்ற எச்சரிக்கைச் சீட்டை வளைகாப்புத் தோரணம் மறைத்திருந்தது.

மூன்று மணி நேரம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. ஜெயித்தான். துள்ளிக் குதித்துத் திரும்பினான்.

பெட்டி திறந்து கிடந்தது. சோபாவில், மேசை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஆவுடையின் கையிலிருந்த வளையல்கள் விழுந்து நொறுங்கின. "ஏங்க... யாருங்க இது?"

சிறுமிதான் பேசினாள்.

"இத்தனை வருஷமா உள்ள இருந்து தட்டுனேனேப்பா. ஒரு தடவைகூட நீ திரும்பிப் பாக்கலையே."