மலையேறாத ஆறு மாதம்

இந்தக் காலத்தில் படித்தவன் எவனும் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்வதில்லை என்பது வேதாசலத்தின் கட்சி.

இதயத் துடிப்பு தப்புகிறவர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்து ஆராய்ச்சி செய்ய மெட்ராசிலிருந்து திருத்தணிக்கு வந்துபோகும் நாகேந்திரன், கடைசித் தடவையாக வேதாசலத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் பெரியவரே, முகம் வாடிக் கிடக்குது?"

"கிருத்திகை தவறாம மலையேறினவன் நானு. வயித்துல மீனை வச்சிக்கினு சாமிகிட்ட எப்படிப் போறது? வூட்டுக்காரி அழுதாளேன்னு உன் மாத்திரைய முழுங்கிட்டு, ஆறு மாசமா அடிவாரத்துலயே கும்புட்டுக்கினு கெடக்கறேன்."

நாகேந்திரன், ஆராய்ச்சி முடிந்ததும் திறப்பதற்காக வேதாசலத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார். படித்ததும் சிரித்தார்.

"தாராளமா ஏறுங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக பாதிப் பேருக்கு வெறும் சோள எண்ணெய்தான் கொடுத்தோம். யாருக்கு எதுன்னு எனக்கே இப்பதான் தெரியும். உங்களுது சோளம். மீனே கிடையாது."

"முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா ஆராய்ச்சி கெட்டுடுங்க."

"ஆறு மாசம் மீனுன்ன. இன்னிக்கி சோளம்ன்ற. எதய்யா நம்பறது?"

வேதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதிரே படிக்கட்டில் கிருத்திகைக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டு, ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நடந்தார்.