இப்றாஹீமுக்கு மட்டும் பதில்

இன்றைக்கும் மாயா பதில் போடவில்லை. கிரிஷாந்தன் தன் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி கைப்பேசியைத் திறந்து பார்த்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். சேலை வாங்க வந்த ஒரு அம்மா இரண்டு தடவை விலை கேட்டுப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

அவனுக்குப் பதில் போடாவிட்டால்கூடப் போகிறது. பக்கத்துச் செருப்புக்கடை இப்றாஹீமுக்கு மட்டும் அவள் உடனுக்குடன் எழுதுகிறாள் என்பதுதான் வயிற்றை எரித்தது.

“இந்தா பாருங்க, மாயாக்கிட்ட இருந்து வந்திருக்கு” என்று இப்றாஹீமே கைப்பேசியோடு வந்து நின்றார்.

கிரிஷாந்தன் ஏதோ வேண்டாவெறுப்பாக வாங்குவதுபோல் வாங்கி, ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தான். ‘அன்பின் இப்றாஹீம் அவர்களுக்கு, நேற்று பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். உங்கள் அணியின் கோளாறு சரிசெய்யப்பட்டுள்ளது. இப்படிக்கு, மாயா.’

அன்பின் இப்றாஹீமாம். கூடவே மன்னிப்பு வேறு.

மாயா என்பவள், பதுளை பஜார் முழுக்க விளையாடுகிற ஒரு கைப்பேசி கிரிக்கெட் விளையாட்டின் கம்பெனிக்காக, குறை சொல்கிறவர்களுக்குத் தமிழில் பதில் எழுதுகிறவள். கம்பெனி எந்தத் தேசத்தில் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வெளிநாடு என்று மட்டும் பேச்சு.

போன மாதம் அவர்கள் விட்ட அப்டேட்டிலிருந்து கிரிஷாந்தனின் ‘பதுளை சிங்கங்கள்’ அணிக்குச் சனி பிடித்துவிட்டது. தொடக்க ஆட்டக்காரன் மட்டை இல்லாமல் வெறுங்கையோடு வந்து நிற்கிறான். பந்து வருகிறது, கையை வீசுகிறான், ஸ்டம்ப் பறக்கிறது. அணிக்குப் புதுச் சட்டை விற்கக் கம்பெனியில் ஆள் இருக்கிறது, மட்டையைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

இதே கோளாறு இப்றாஹீமின் அணிக்கும் வந்தது. அவர் எழுதிப் போட்டார், சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஜார் கடைக்காரர்களுக்குள் நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கிரிஷாந்தனுக்கு எதிரணி அவர்தான்.

“நீங்க என்னதான் எழுதுனீங்க, இப்றாஹீம் நானா?”

“நான் என்னத்த எழுதினேன்? ஸலாம் சொல்லி, இப்பிடி ஒரு பிரச்சினை, பாத்துக் குடுங்கன்னு போட்டேன். நல்ல புள்ள, செஞ்சு தந்திச்சு.”

நல்ல பிள்ளையாம். கிரிஷாந்தன் எழுதியது கொஞ்சமா நஞ்சமா? முதலில் கெஞ்சினான், பிறகு திட்டினான், அப்புறம் திட்டியதற்கு வருந்தி எழுதினான். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அந்த முகம் தெரியாத மாயாவிடம் கொட்டினான். ஒரு வரி பதில் கிடையாது.

சாயந்தரம் அவன் வீட்டுக்கு வந்தபோது யசோதினி அப்போதுதான் பண்டாரவளை பஸ்ஸிலிருந்து வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கே ஏதோ ஒரு ஆபீஸில் நாலைந்து மாதமாக வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று அவள் சொன்ன அன்றைக்கு அவன் கடைசி ஓவரில் இருந்தான். “நல்லது, போ” என்றதோடு சரி.

“என்னங்க, ஞாயித்துக்கெழம தம்பிக்குப் பரிசம் போடுறாங்க. ஸ்பிரிங்வெளிக்கு வர்றீங்களா, இல்லையா?”

“ம்.”

“போன வாரமும் இதே ‘ம்’தான் சொன்னீங்க. நான் தனியா போயி நின்னா எங்க தோட்டத்து லயத்துல எல்லாரும் கேப்பாங்க, மாப்பிள்ள எங்கன்னு.”

அவன் தலை நிமிரவில்லை. மாயாவுக்கு அடுத்த கடிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். யசோதினி கோப்பையை மேசையில் சத்தமாகவே வைத்தாள்.

“நமக்குக் கல்யாணம் பேசி முடிச்சு ஆறு மாசம் கெடந்துச்சு. அப்பகூட எனக்கு இப்படி ஒரு கடுதாசி எழுதல நீங்க.”

“என்ன, பொறாமையா?”

“ஆமா. பொறாமதான்.”

கிரிஷாந்தனுக்குச் சிரிப்பு வந்தது. “அட, மாயா யாரோ ஒரு ஆபீஸ் புள்ள. சம்பளத்துக்குப் பதில் எழுதுது. அது மேல போயி பொறாமப்படுறியே.”

“அந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஒங்க சிங்கங்க பதினோரு பேரு மேலதான்.”

அதுவும் அவன் காதில் சரியாக விழவில்லை. கடிதத்தை அனுப்பிவிட்டு, திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். செருப்புக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் தூக்கிக்கொண்டு பஜாரைச் சுற்றி வருவது இப்போதே கண்ணில் தெரிந்தது.

“அந்த மாயா மட்டும் நேர்ல கெடைக்கட்டும், யசோ. இப்றாஹீம் நானாவுக்கு எழுதத் தெரியுது, எனக்கு மட்டும் ஏன் பதில் போடலேன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.”

யசோதினி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆபீஸ்ல எனக்கு வச்சிருக்கிற பேருதான் மாயா. மொதல்ல நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லுங்க.”